ஒலிக்கு ஒரு முகவரி

ரேடியோ அபோரீ என்று ஓர் இணைய வரைபடம் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஊடோ நோல் 2006-இல் தொடங்கியது. திறந்தால் உலகம் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் அந்த இடத்தில் நின்று எடுத்த ஒலிப்பதிவு. தொட்டால் அந்தத் தெருவோ சந்தையோ ரயில் நிலையமோ காதில் விழும். பின்னணி இசையோ வர்ணனையோ கிடையாது. இரவு வேலையெல்லாம் முடித்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதில் ஊர் ஊராகப் போய்வருவது எனக்கு வழக்கம். ஐரோப்பாவில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நம் பக்கம் வர வர அருகிக்கொண்டே போகும். ஒருநாள் சென்னைக்கு வந்து, மடிப்பாக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு புள்ளியும் கண்ணில் படவில்லை. உண்மையிலேயே கோபம் வந்தது. விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை இத்தனை சத்தம் போடுகிற பகுதி, வரைபடத்தில் ஊமையாக இருந்தால் எப்படி?

அப்போது கையில் எடுத்த போனை இன்னும் கீழே வைக்கவில்லை. தனியாக ரெக்கார்டர் எதுவும் என்னிடம் கிடையாது. பேசுவதற்கும் பால் கணக்குக்கும் எது உதவுகிறதோ அதே போன்தான். இப்படி இத்தனை காலம் பதிவு செய்ததிலும், மற்றவர்கள் செய்த முயற்சிகளைப் படித்ததிலும் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பொத்தானை அழுத்தி ஒலியைப் பிடிப்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. அதோடு சேர்த்து எழுதி வைக்கும் நாலு வரியும், அந்தக் கோப்பு போய்ச் சேரும் இடமும்தான் ஒரு சத்தத்தை வரைபடத்தில் நிற்க வைக்கின்றன.

ஆளாளுக்குக் கையில் இருக்கும் போனை வைத்து ஒரு நாட்டையே பதிவு செய்துவிடலாம் என்று பெரிய அளவில் இறங்கியவர்களில் பிரிட்டிஷ் நூலகம் முக்கியமானது. 2010-இல் அவர்கள் பிரிட்டன் முழுவதற்குமான ஒலி வரைபடம் ஒன்றைத் தொடங்கினார்கள். அப்போது ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. ஆடியோபூ என்ற ஆப் இருந்தது. அதில் சில நிமிடங்கள் பதிவு செய்து, குறிப்பிட்ட குறிச்சொல்லைச் சேர்த்து அனுப்பினால், இருப்பிடத்தோடு அது நூலகத்தின் வரைபடத்துக்கு வந்துவிடும். ஓராண்டு நடந்தது. சுமார் 350 பேர் 2,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பினார்கள். 2015-இல், பழைய கட்டிடங்களையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்போடு சேர்ந்து இதே முறையில் பிரிட்டனின் கடற்கரை ஒலிகளையும் திரட்டினார்கள்.

350 பேர் என்பது ஒரு நாட்டுக்குச் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஒரு நூலகம் தன் ஊழியர்களை அனுப்பி இத்தனை இடங்களில் நிற்க வைக்க முடியாது. அதைவிட முக்கியம், எந்தச் சத்தம் பதிவு செய்யத் தக்கது என்று முடிவு செய்தது நூலகம் இல்லை, அங்கே வாழ்கிறவர்கள். நிபுணர் ஒருவர் வந்தால் கோயில் மணியையும் கடல் அலையையும் எடுத்துக்கொண்டு போவார். அங்கேயே குடியிருப்பவருக்குத் தெரு முனையில் லாரி தண்ணீர் இறக்கும்போது பித்தளைக் குடமும் பிளாஸ்டிக் குடமும் போடுகிற வெவ்வேறு சத்தம் தெரியும்.

ஏறக்குறைய அதே காலத்தில் சால்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் சார்லி மிட்லார்ஸ் நடத்திய ஆய்வு இன்னொரு படி மேலே போனது. போனில் ஒலியை எடுத்து அனுப்புகிறவரிடமே, இந்தச் சத்தம் உங்களுக்கு எப்படி இருக்கிறது, இந்த இடம் பிடித்திருக்கிறதா என்றும் கேட்டார்கள். ஒரு மைக்கால் இதைச் சொல்லவே முடியாது. அருவிக்குப் பக்கத்தில் நின்றாலும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றாலும் சத்தத்தை அளக்கும் மானியில் ஒரே எண் வரலாம். ஒன்றைக் கேட்கக் காசு செலவழித்துக் குற்றாலம் போகிறோம், இன்னொன்று ஓடினால் ஜன்னலைச் சாத்துகிறோம்.

எண் என்று சொன்னதும் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். ஒலி வரைபடம் என்றதும் பலருக்கு மனதில் வருவது சத்தத்தின் அளவைக் காட்டும் வரைபடம்தான். அது வேறு மரபு. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த விதியின்படி, ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் வசிக்கும் நகரங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரைச்சல் வரைபடம் தயாரிக்க வேண்டும். சிவப்பும் ஊதாவுமாகச் சாலைகள் ஜொலிக்கும் அந்தப் படங்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டு வருபவை. எத்தனை வண்டிகள், என்ன வேகம், கட்டிடங்கள் எவ்வளவு உயரம் என்று கொடுத்தால், சத்தம் எவ்வளவு என்பதைக் கணினி டெசிபல் கணக்கில் சொல்லிவிடும். திட்டமிடுவதற்கு அது மிகவும் தேவை. ஆனால் அந்தத் தெருவில் யாரும் நின்று காது கொடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் இரைச்சலைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்களை நிறுவத் தொடங்கியது. ஏழு நகரங்களில் 70 நிலையங்கள், நகரத்துக்குப் பத்து. சென்னைக்கும் பத்துதான். தி.நகர், சவுகார்பேட்டை, பெரம்பூர், கிண்டி, எங்கள் பக்கம் வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று போகிறது பட்டியல். நல்ல கருவிகள், இரவு பகலாக அளக்கின்றன. ஆனால் இவ்வளவு பெரிய ஊருக்குப் பத்துக் காதுகள். பள்ளிக்கரணைக் கருவி கேட்கிற சத்தத்துக்கும் மடிப்பாக்கத்தில் என் ஜன்னலில் விழுகிற சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

2000-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50-உம் 40-உம். பகல் என்பது காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை. இந்த வரம்பு எந்தத் தெருவில் எவ்வளவு மீறப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால் அளப்பவர்கள் தெருத் தெருவாக வேண்டும். அங்கேதான் போன் வருகிறது.

பிரான்சில் 2017-இல் வெளியான நாய்ஸ்கேப்ச்சர் ஆப் இதற்காகவே செய்யப்பட்டது. ஆண்ட்ராய்டு போனில் இலவசம். ஓட விட்டுவிட்டு நடந்தால், ஒவ்வொரு நொடியும் சத்தத்தின் அளவையும் எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு என்பதையும் ஜிபிஎஸ் இருப்பிடத்தோடு குறித்துக்கொள்ளும். முடிவில், இந்த நடை உங்களுக்கு இனிமையாக இருந்ததா என்று கேட்கும். போக்குவரத்து, பறவை, கட்டுமானம் என்று காரணத்தையும் குறிக்கலாம். பெயர் கேட்பதில்லை. ஒலியைச் சேமிப்பதும் இல்லை, எண்கள் மட்டும்தான் போகும். உலகம் முழுக்க இப்படி வந்து சேர்ந்தவை வரைபடத்தில் அறுகோணக் கட்டங்களாக நிறம் பெறுகின்றன.

நான் இதையும் பயன்படுத்துகிறேன், பக்கத்தில் இருப்பவர்களையும் பயன்படுத்தச் சொல்கிறேன். ஆனால் டெசிபல் எண்ணை நாம் வழக்கமாகக் கூட்டிக் கழிப்பதுபோல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நிமிடம் 60 டெசிபல், அடுத்த நிமிடம் 80 என்றால் இரண்டு நிமிடத்துச் சராசரி 70 இல்லை, 77. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது என்பதால் வரும் கணக்கு இது. அதனால் அமைதியான தெருவில் ஒரே ஒரு ஏர்ஹாரன் அடித்துவிட்டுப் போனால், அந்த நேரத்துச் சராசரியை அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். எண்ணை மட்டும் பார்ப்பவர் இரைச்சலான தெரு என்பார். அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும், அது ஒரு ஹாரன், மற்ற நேரமெல்லாம் அணில் சத்தம் என்று.

இன்னொன்று, போனின் மைக் நம் குரலுக்காகச் செய்யப்பட்டது. போனுக்குப் போன் அது மாறும். 2014-இல் அமெரிக்காவின் தொழில்நலன் ஆய்வு நிறுவனமான நயோஷ் சத்தம் அளக்கும் 192 ஆப்களைத் திரட்டிப் பார்த்தது. கடைசியில் தேறியவை நாலே நாலு, நாலுமே ஐபோனில் ஓடுபவை. ஆண்ட்ராய்டில் எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ விதமான மைக்குகள். ஒரே ஆப் இரண்டு போன்களில் இரண்டு எண் காட்டும். முறையான ஒலிமானியோடு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளாத போன் காட்டும் 62-ஐ 62 என்று யாரிடமும் அடித்துச் சொல்லக் கூடாது. அதே போன் காலையில் 52-உம் மாலையில் 68-உம் காட்டினால் அந்த வித்தியாசத்தை நம்பலாம். அதுவே போதுமான செய்தி.

அளவுக்கு மட்டும் இல்லை, பதிவுக்கும் இதே சிக்கல் உண்டு. மழை பெய்து ஓய்ந்த இரவில் எங்கள் தெருக் காலிமனையில் தவளைகள் கத்தும். போனோடு வரும் சாதாரண ரெக்கார்டரில் எடுத்தால் முதல் இரண்டு மூன்று நொடி சத்தம் கும்மென்று இருக்கும், அப்புறம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் மங்கிவிடும். தவளைகள் ஓயவில்லை. ஒரே சீராக வரும் எதையும் போன் தேவையற்ற இரைச்சல் என்று எண்ணி அமுக்குகிறது. பேச்சுக்கு அது வசதி. தவளைக்கும் சிள்வண்டுக்கும் மழைக்கும் ஃபேனுக்கும் அதுவே எமன். அமைப்புகளில் போய் இரைச்சல் குறைப்பை அணைக்க முடிந்தால் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வசதி உள்ள வேறு ஆப்பைப் போட வேண்டும். எடுத்ததை வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும். பேச்சுக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மீதியை அது நசுக்கிவிடும். கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும்.

காற்றைப் பற்றி ஒரே வரி: போனைக் கைக்குட்டையில் சுற்றுவதைவிட, நம் உடம்பையே காற்றுக்கு மறைப்பாக வைத்துத் திரும்பி நிற்பது மேல்.

சரி, இப்போது அந்த நாலு வரிக்கு வருகிறேன்.

கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மர்ரே ஷேஃபர் தலைமையில் ஒரு குழு இயங்கியது. 1970-களின் தொடக்கத்தில் வான்கூவர் நகரத்தின் ஒலிகளைத் தேடித்தேடிப் பதிவு செய்தவர்கள். 1975-இல் அவர்கள் ஐரோப்பாவுக்குப் போய் ஐந்து கிராமங்களில் தங்கினார்கள்: ஸ்வீடனில் ஸ்க்ரூவ், ஜெர்மனியில் பிஸ்ஸிங்கன், இத்தாலியில் செம்ப்ரா, பிரான்சில் லெஸ்கோனில், ஸ்காட்லாந்தில் டாலர். டேப் ரெக்கார்டரோடு நோட்டும் பேனாவும் போயின. எந்த மணி எத்தனை மணிக்கு அடிக்கிறது, ஊருக்கு எவ்வளவு தூரம் வரை கேட்கிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது, ஊர்க்காரர்களுக்கு எந்தச் சத்தம் பிடிக்கும், எது பிடிக்காது என்றெல்லாம் எழுதினார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து, 2000-ஐ ஒட்டி, ஃபின்லாந்து ஆய்வாளர்கள் அதே ஐந்து கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். ஃபின்லாந்தின் நவ்வோ என்ற ஊரையும் சேர்த்துக்கொண்டார்கள். எது மறைந்தது, எது புதிதாக வந்தது என்று அவர்களால் ஒப்பிட முடிந்தது. டேப் மட்டும் இருந்திருந்தால் பழைய மணியோசையைக் கேட்டுவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கே நின்று, எந்த நேரத்தில் என்ற குறிப்பு இருந்ததால்தான் அது ஆய்வாயிற்று.

இந்தக் கிராமங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது லெஸ்கோனில். பிரிட்டனி கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர். அங்கே காற்று ஒரு நாளில் கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் திசை மாறிக்கொண்டே இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துத் தொலைதூரச் சத்தம் ஊருக்குள் வந்து சேரும். ஒரு நேரம் கடல் மிதவையின் ஒலி கேட்கும், இன்னொரு நேரம் உள்நாட்டு ஊர்களின் ஒலி. ஷேஃபர் குழு அதை அப்படியே திசைவாரியாக, நேரவாரியாகக் குறித்து வைத்தது.

இதைப் படித்த பிறகுதான் என் மொட்டைமாடி எனக்குப் புரிந்தது. கோடையில் மதியம் கடல்காற்று உள்ளே நுழையும்வரை எங்களுக்கு மேற்குப் பக்கத்துச் சத்தங்களே தூக்கலாக இருக்கும். காற்று திரும்பியதும் கிழக்கே வேளச்சேரி – தாம்பரம் சாலையின் இரைச்சல் எழுந்து வரும். சாலை அதே சாலை, வண்டிகளும் ஏறக்குறைய அவ்வளவுதான், காற்று மட்டும் மாறியிருக்கிறது. ராத்திரியில் கணக்கு வேறு. வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், மேலே இருக்கும் காற்றில் வெப்பம் நிற்கும். மேலே போகிற ஒலி வளைந்து தரைக்குத் திரும்பும். பகலில் காதில் விழவே விழாத பழவந்தாங்கல் பக்கத்து மின்சார ரயிலின் ஹாரன் அப்போது மாடியில் தெளிவாகக் கேட்கும்.

காற்று திரும்புவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பதிவு எடுத்து, காற்றின் திசையை எழுதாமல் விட்டால், இரண்டையும் கேட்கிறவர் ஒரே நாளில் சாலைப் போக்குவரத்து இரட்டிப்பாகிவிட்டது என்றுதான் நினைப்பார். அதனால் நான் இப்போது எழுதுவது இவ்வளவு: தேதி, நேரம், எந்த இடம், தரையிலா எத்தனையாவது மாடியிலா, எந்தத் திசை பார்த்து, காற்று எங்கிருந்து, மழை உண்டா, எந்த போன், எந்த ஆப். அப்புறம் மிக முக்கியமாக, பதிவாகும்போது நான் கேட்டவை. 'வலப்பக்கம் செண்பகப் பறவை இரண்டு முறை. ஒன்றரை நிமிடத்தில் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்குகிறது. கடைசியில் வருவது குக்கர் விசில், எதிர்வீடு.' ஒலியை மட்டும் கேட்டால் அந்த மோட்டார் எது என்று இருபது வருடம் கழித்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

பறவை ஆர்வலர்கள் இதில் நமக்கு எவ்வளவோ முன்னால் இருக்கிறார்கள். 2005-இல் தொடங்கிய சேனோ-கான்டோ தளத்தில் ஒரு பறவைக் குரலை ஏற்றும்போது, அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தீர்களா, குரலைப் போட்டுக் காட்டி அதைக் கத்த வைத்தீர்களா என்று கேட்கிறார்கள். இரண்டுமே சின்னக் கேள்விகள். ஆனால் அந்தப் பதிவை நம்பலாமா, எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. இன்று போனை நீட்டினால் எந்தப் பறவை என்று சொல்லும் ஆப்கள், இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் பெயர் எழுதி வைத்த பதிவுகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டவையே.

மனிதக் குரல்கள் என்று வரும்போது குறிப்பு எழுதுவதற்கு முன்னால் அனுமதி வேண்டும். எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு முன்னால் ஒரு கீரைக்கார அம்மா வருவார். முதல் எழுத்தை நீட்டி, கடைசி எழுத்தைச் சட்டென்று வெட்டி அவர் கூவுவது இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எஞ்சத்தத்தப் புடிச்சி என்னா பண்ணப் போற கண்ணு?"

"இந்தத் தெருவுல என்னென்ன சத்தம் இருக்குன்னு ஒரு மேப்புல போடறேன்மா. உங்க பேரு, போட்டோ எதுவும் வராது."

"அப்ப இரு, நல்லா கூவறேன்" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தம், இல்லாத கீரையின் பெயரெல்லாம் வந்தது. அந்தப் பதிவை அவருக்கே போட்டுக் காட்டினேன். அப்புறம் வேறொரு நாள், மாடியில் இருப்பேன், நீங்கள் பாட்டுக்கு வாங்கம்மா என்று சொல்லிவைத்து எடுத்தேன். அதுதான் வரைபடத்துக்குப் போனது: தூரத்தில் தொடங்கி, நெருங்கி, ஒரு கேட் திறந்து, பேரம் நடந்து, மறுபடி தூரமாகப் போகும் குரல். கேட்கும்போதே தெருவின் நீளம் தெரியும். பேரத்தின் பேச்சு வார்த்தை புரியாத தூரத்தில் மாடியில் நின்றதையும் குறிப்பில் எழுதினேன்.

அவரிடம் பேசியதில் இன்னொன்று தெரிந்தது. வண்டியில் காய் விற்பவர்கள் எல்லாரும் ஸ்பீக்கரில் குரலைப் பதிவு செய்து ஓட விடுகிறார்கள். "அதுல ஒரு கஷ்டம் கண்ணு. எந்த வண்டின்னு ஜனங்களுக்குத் தெரியல. எங்கொரல கேட்டா மேல் வீட்டுப் பாட்டி கூடைய எறக்கிடும்." எந்த டெசிபல் மானியும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

அனுமதி கேட்க முடியாத இடங்கள் உண்டு. பஸ், மார்க்கெட், ரேஷன் கடை வரிசை. பேச்சு தெளிவாக விழும் பதிவை நான் பொதுவில் போடுவதில்லை. யாரோ போனில் மருத்துவச் செலவைப் பற்றிப் புலம்புவது பின்னால் கேட்டால் அந்தப் பதிவு என்னோடு நின்றுவிடும், எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி. நாய்ஸ்கேப்ச்சர் ஒலியைச் சேமிக்காமல் எண்ணை மட்டும் அனுப்புவதற்கு இது ஒரு நல்ல நியாயம்.

யார் பதிவு செய்கிறார்கள் என்பதும் வரைபடத்தில் ஒட்டிக்கொள்கிறது. புள்ளிகள் இருக்கும் இடமெல்லாம், ஓய்வும் நல்ல போனும் அங்கே நிற்கும் துணிச்சலும் உள்ளவர்கள் போன இடங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பள்ளிக்கரணை 200 அடி சாலை ஓரத்தில் போனை நீட்டிக்கொண்டு தனியாக நிற்பது ஒரு பெண்ணுக்கு எளிதில்லை. என் இரவுப் பதிவுகள் அத்தனையும் மொட்டைமாடியிலிருந்து எடுத்தவை. ஆகவே மடிப்பாக்கத்தின் இரவு, வரைபடத்தில் இரண்டாம் மாடி உயரத்திலிருந்து மட்டுமே கேட்கும். குப்பை வண்டியில் போகிறவர்களும் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் செவிலியர்களும் காவலாளிகளும் கேட்கிற இரவு வேறு. அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. ஒரு நிமிடம் எடுத்து அனுப்புங்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை என்பதுதான் குறை. எங்கள் குடியிருப்பில் காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் நான் கேட்டேன். அவர் எடுத்துத் தந்த பதிவில் அதிகாலைப் பால் லாரி கிரேட்டுகளை இறக்குவது இருக்கிறது. அந்த நேரத்தில் நான் விழித்திருந்ததே இல்லை.

எடுத்தாயிற்று, எழுதியாயிற்று. எங்கே வைப்பது? இதைத்தான் நாம் மிகவும் அலட்சியமாக விடுகிறோம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது பெரிய இணையத் தாக்குதல் நடந்தது. கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. அதன் இணையச் சேவைகள் பெரும்பகுதி முடங்கின, ஒலித் தளமும் அதில் போயிற்று. 350 பேர் தெருத் தெருவாக நின்று சேர்த்த வரைபடத்தை வாசகர்கள் போய்க் கேட்க வழியில்லாமல் போயிற்று. பதிவுகள் அழிந்ததாக நான் சொல்லவில்லை. ஒரு தேசிய நூலகத்துக்கே இந்த நிலை வரும் என்றால், ஏதோ ஒரு கம்பெனியின் ஆப்பை மட்டும் நம்பி அதில் பதிவுகளைக் குவித்து வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரேடியோ அபோரீ தன் பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் சேமிக்கிறது. எனக்கு அது பிடித்த ஏற்பாடு. நாளைக்கு வரைபடத் தளம் நின்றுபோனாலும் கோப்பும் குறிப்பும் வேறோர் இடத்தில் தங்கும். ஆனால் 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் இயங்காமல் கிடந்தது. அதனால் என் பதிவுகளை வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கிலும் வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரிலேயே தேதியும் இடமும் வரும்படி வைத்து, குறிப்பைத் தனியாகச் சாதாரண எழுத்துக் கோப்பாக அதன் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். எந்த ஆப் போனாலும் அதைத் திறந்து படிக்கலாம். தமிழில்தான் எழுதுகிறேன். வரைபடத்தில் ஏற்றும்போது ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்வேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நல்ல நல்ல படங்களோடு திரும்பி வருகிறார்கள். அங்கே நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீலத் தாழைக்கோழியின் குரலும் லாரி பிரேக் பிடிக்கிற கிறீச்சும் ஒரே மூச்சில் வரும். சதுப்பை ஊடறுத்துக்கொண்டு போகிறது சாலை. அந்தக் கலப்பு ஒலியை யாரும் அழகான பதிவு என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும். அந்தப் பறவைகள் எந்தச் சத்தத்துக்கு நடுவே தம் குரலை ஒன்றுக்கொன்று கேட்கவைத்துக்கொள்கின்றன என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. பறவையின் குரலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் போட்டால் அந்தச் செய்தியே போய்விடும்.

இந்த ஐப்பசியில் நான் செய்யப் போவது இது. மழை விட்ட முதல் இரவிலிருந்து எங்கள் தெருக் காலிமனையைத் தினமும் ஒரே நேரத்தில், மாடியின் அதே மூலையிலிருந்து, ஐந்து நிமிடம் எடுக்கப் போகிறேன். மனைக்குப் பூமி பூஜை போட்டாயிற்று, தை பிறந்ததும் அஸ்திவாரம் தோண்டுவார்கள் என்று பேச்சு. வேளச்சேரி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, பெரும்பாக்கம் பக்கம் இருக்கிறவர்கள், உங்கள் தெருவிலும் தண்ணீர் நிற்கிற காலிமனை ஒன்று இருக்கும், நீங்களும் எடுங்கள். இரவு ஒன்பது மணி என்று வைத்துக்கொள்வோம், ஒப்பிட வசதியாக இருக்கும். இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று மறக்காமல் எழுதுங்கள். கோப்பை அப்படியே வைத்திருங்கள், வெட்ட வேண்டாம். எந்த மாடி, எந்தத் திசை என்று கீழே கருத்தில் சொன்னால் போதும், எப்படி ஏற்றுவது என்று நான் எழுதுகிறேன்.